முகமில்லாத படம்

“அந்தப் படக்கட்ட எரிச்சிடு டொரீன். புது மண்டோர் பார்த்தா நம்ம கதை முடிஞ்சது லா,” என்றார் ஹியூபர்ட்.

“நாளைக்கு கோலாலம்பூர்ல கார்ட்டூன் கம்பெனி இண்டர்வியூப்பா. இதத்தான் காட்டணும். மூட்டை தூக்கிட்டு ஒரு ஆளு நடக்கிறான், அவ்வளவுதான். முகமே வரையலையே!”

அதற்குள் வாசலில் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நின்றார். “ஸ்டோர்ல ரப்பர் மூட்டை காணோம். லயத்துல வீடு வீடா பார்க்கிறோம்.”

மேசையில் இருந்த படக்கட்டை எடுத்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். “நல்லா வரையிறியேம்மா!”

டொரீனுக்கு மூச்சு வந்தது.

திருப்பி வைக்கும்போது அவர் கட்டைவிரல் வழுக்கியது. தாள்கள் சரசரவென்று ஓட, மூட்டைக்காரன் நடந்தான், இடது காலை இழுத்து இழுத்து.

மண்டோர் மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்.

“குடிக்கத் தண்ணி வேணும்.”

டொரீன் எழுந்தாள்.

“நீ இரும்மா. அப்பா கொண்டாரட்டும்.”

சுவரில் சாய்ந்திருந்த ஹியூபர்ட் தன் இடது காலைப் பார்த்தார்.