பன்னிரண்டு புறா

"பன்னிரண்டு புறாவையும் அவ கூண்டோட யாருக்கோ தூக்கிக் கொடுத்துட்டா, அக்கா. என்னை ஒரு வார்த்தை கேக்கல."

தம்பி போனில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை மூச்சு வாங்கினான். அக்காவுக்கு அது போதும். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கிவிட்டாள். வந்தவள் தம்பியைக்கூடப் பார்க்கவில்லை, நேரே சமையலறைக்குப் போனாள்.

"உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? அவன் இருக்கிற இருப்புக்கு அந்தப் புறாதானே ஒரே ஆறுதல்?"

தம்பி மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எச்சம் அள்ளி அள்ளி இடுப்பு ஒடிஞ்சு போச்சு, அண்ணி."

"நீ பெத்த பிள்ளை வளர்த்த புறாடி அது! அவன் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகல."

அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

"தீனி போட மாடிக்குப் போறப்போ தம்பி போட்டுக்குவானே, பையனோட ஸ்வெட்டர்? அதையும் எரிச்சிட்டியாமே. பெத்தவ செய்யற காரியமா இது?"

அவள் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

உள்ளே தம்பி இருமினான். வறட்டு இருமல், லேசில் நிற்கவில்லை. அடங்கியதும் அவன் குரல் கேட்டது. "அவகிட்ட எதுக்குக்கா பேசறே... கல்லு... அவ கல்லுக்கா."

"கேட்டியா? கட்டினவன் வாயால கேட்டியா?"

அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். இனி இங்கே பேசுவது உள்ளே கேட்காது. டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஸ்கேன் கவரை எடுத்து நீட்டினாள்.

"இதுல எனக்கென்னடி புரியும்? வாயால சொல்லு."

"அவர் நினைக்கிற மாதிரி ஆஸ்துமா இல்ல, அண்ணி. ஸ்பாஞ்சு மாதிரி விரிய வேண்டிய நுரையீரல் தழும்பு விழுந்து இறுகிப் போச்சாம். விழுந்தது விழுந்ததுதான். இனிமே புதுசா விழாம வேணா பார்த்துக்கலாமாம். அவரை வெளிய உட்கார வெச்சுட்டு, டாக்டர் என்கிட்ட முதல்ல கேட்டதே, 'வீட்டுல புறா இருக்கா?'ன்னுதான்."

அக்கா கவரைப் பிடித்தபடியே நின்றாள்.

"காய்ஞ்ச எச்சத் தூசி, இறகுத் தூள், எல்லாம் மூச்சோட உள்ள போயிருக்கு. அந்த ஸ்வெட்டர் பூரா அதுதான். மூணு தடவை துவைச்சுப் பார்த்தேன் அண்ணி. எனக்கும் அது ஒண்ணுதான் இருந்துச்சு..."

"அடிப்பாவி! இதை அவன்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? வாய்க்கு வந்தபடி பேசறானே உன்னை!"

"பிள்ளை ஆசையா வளர்த்ததுதான் தன் மூச்சைத் தின்னுச்சுன்னு தெரிஞ்சா, அப்புறம் அந்தப் பிள்ளையை அவர் எப்படி நினைப்பார்? என்னையே திட்டட்டும் அண்ணி. திட்டறதுக்கு அவருக்கு மூச்சு மிஞ்சினா, எனக்கு அது போதும்."