ஏழு எண்ணிக்கை

ஞானப்பூ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெண்கள் பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி பேரருவிக்குள் நுழைந்தாள்.

1964, ஆடி மாதம். குற்றாலத்தில் நல்ல தண்ணீர்.

குளிப்பதற்காக அவள் வரவில்லை. அண்ணன் ரத்தினம் சொன்னது மெய்யா பொய்யா என்று பார்க்க வந்திருந்தாள்.

தென்காசியிலிருந்து வரும்போதும் பஸ்ஸில் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து அதையேதான் சொன்னான். "ஊரு பூரா ஒம்பாட்டத்தாம்ட்டி படிக்குதாவ. ஆலங்குளத்துல கல்யாண வீட்டு மைக் செட்டுலகூட அதான் ஓடுது."

"எனக்காவ நீ என்ன வேணாலும் சொல்லுவ."

"ஆமா, ஆளுக்கு ரெண்டு வட வாங்கிக் குடுத்துப் பாடச் சொல்லிருக்கேன்."

ஆறு வருஷமாக எல்லாரும் அவளிடம் நல்லதை மட்டுமே சொல்கிறார்கள். அதனாலேயே அவள் யாரையும் நம்புவதில்லை.

ரெக்கார்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் முதலிலேயே இரண்டு ரெக்கார்டுக்குப் போட்டது. ஒன்று போன வருஷம் வெளிவந்தது. மற்றதற்குத் தேதி கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. நாளைக்குள் பதில் போட வேண்டும். 'இனிப் பாடுவதாக இல்லை' என்று மனசுக்குள் எழுதி மடித்தே வைத்துவிட்டாள்.

காரணம், ஒரே ஒரு 'யோ'.

பதினாறு வயதில் கிறிஸ்தவக் கன்வென்ஷன் பந்தலில் கிடாரோடு ஏறி, 'சினிமா மெட்டு' என்று பெரியவர்களிடம் வசவு வாங்கியவள் அவள். ரெக்கார்டான பாட்டும் அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டதுதான். 'சாரலாய் என்மேல் பொழியாயோ, தேவா.'

ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் பிடிக்கும். வயலின், கிடார், பாங்கோ எல்லாம் ஒரே அறையில் கூடி வாசிக்க, பாட்டும் ஒரே ஓட்டத்தில் முடிய வேண்டும். நடுவில் பிசகினால் மறுபடி முதல் வரியிலிருந்து. அவர்களுக்குக் கிடைத்த நேரம் இரண்டு தடவைக்குத்தான் காணும்.

முதல் தடவை பாங்கோக்காரர் தும்மிவிட்டார்.

இரண்டாம் தடவை பிசகியது ரத்தினம். அந்த 'யோ' நாலு எண்ணிக்கை நிற்க வேண்டும். பின்னால் நிற்கும் அண்ணன் அவள் தோளை விரலால் அழுத்தியதும் அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். அதுதான் ஏற்பாடு. அவனோ கிடார்க்காரரின் விரல்களைப் பார்த்து மயங்கி நின்றுவிட்டான். அழுத்தும்போது எண்ணிக்கை ஏழு. அதுவரை அவள் 'யோ'வை விடாமல் பிடித்திருந்தாள். வயலின்காரர் வில்லை நிறுத்தி நிமிர்ந்ததைக் கண்ணால் கண்டாள்.

"ஒரு கொறையும் இல்ல" என்று அண்ணன் சத்தியம் பண்ணினான். அதுவே ரெக்கார்டானது.

ஆலயத்தில் அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள், வாஸ்தவம்தான். ஆனால் கையில் அச்சடித்த தாள் இருக்கும். பாடகர் குழு அந்த ஏழு எண்ணிக்கையை நாலாகத் திருத்தியும்விட்டது. ஆகவே அது அவள் எழுதியதற்குக் கிடைத்த மரியாதை. பாடியதற்கு?

அருவிக்கடியில் யாரும் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.

பேரருவித் தண்ணீர் உச்சியிலிருந்து நேரே தலையில் விழுவதில்லை. பாதிப் பாறையில் பொங்குமாங்கடல் என்றொரு பள்ளம் இருக்கிறது. முதலில் அதில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் நிரம்பி வழிகிறது. மனுஷர் கீழே நிற்க முடிவது அதனால்தான். ஆனால் தணிவது வேகம் மட்டுமே. இரைச்சல் தணியாது. பக்கத்தில் நிற்பவள் வீறிட்டாலும் கேட்காது. அந்தத் தைரியத்தில், வீட்டில் முணுமுணுக்கக் கூசுகிற பெண்கள்கூட அங்கே வாய்விட்டுப் பாடுவார்கள்.

ஞானப்பூ முகத்தை வழித்துவிட்டுப் பார்த்தாள்.

மஞ்சள் பூசிய முகம் ஒன்று தண்ணீருக்கு வெளியே நீண்டது. 'சாரலாய்' என்றது வாய்.

கம்பியில் ஞானப்பூவின் கை வழுக்கியது.

'பொழியா' வரை வந்தாள் அந்த மஞ்சள் முகத்துக்காரி. அப்புறம் 'யோ'. உதடு குவிந்தது. குவிந்தபடியே நின்றது. ஞானப்பூ கம்பியில் விரல் வைத்து எண்ணினாள். நாலு. ஐந்து. வாய்க்குள் தண்ணீர் புகுந்தது, அவள் மூடவில்லை. ஆறு. ஏழு.

தண்ணீரைத் துப்பிவிட்டு, சிரித்துக்கொண்டே, 'தேவா'.

மூன்று பேர் தள்ளி, பாம்படக் காதோடு ஒரு பெரிய அம்மாள். ஏழு. அதற்கும் அப்பால் தாயும் மகளும், ஒருத்தி முந்தி, ஒருத்தி பிந்தி. ஏழு. ஏழு.

ஒருத்தி பாடுவது மற்றவளுக்குக் கேட்காது. ஆகவே அங்கே ஒருத்தியிடமிருந்து ஒருத்தி எடுத்ததல்ல. எல்லாரும் ரெக்கார்டிலிருந்து எடுத்தது. அவள் குரலிலிருந்து, அவள் மூச்சிலிருந்து, வயலின்காரரை நிமிரவைத்த அந்த மூன்று எண்ணிக்கையையும் சேர்த்து எடுத்தது.

ஞானப்பூவும் வாயைத் திறந்தாள். ஏழு எண்ணிக்கைக்கும் தண்ணீர் குடித்தாள்.

அந்த வரிசையில் அப்போது நாற்பது பேர் இருந்திருப்பார்கள். ஒருத்திக்கும் காது கேட்கவில்லை. ஞானப்பூவுக்கு மட்டும் அது பழகிப்போயிருந்தது. காசநோய் ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிகள் அவள் நெஞ்சைக் காப்பாற்றிவிட்டு, காதை எடுத்துக்கொண்டு ஆறு வருஷமாகிறது.

வெளியே ரத்தினம் துண்டோடு நின்றான். அவள் பார்க்கும்படி முகத்தை நேரே வைத்து, உதட்டை நிதானமாக அசைத்தான். "என்னட்டி, வட தின்னவளுவ ஒழுங்காப் பாடுனாளுவளா?"

"பாடுனாளுவ" என்றாள், தேவைக்கு மேல் உரக்க. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "கம்பெனிக்கு வாரோம்னு எழுதிப் போடு. ஆனா ஒண்ணுண்ணே, அடுத்த ரெக்கார்டுக்கும் பிந்தியே அழுத்து."