நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்

ஒரு கணவனின் நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரப் பேச்சைக் காப்பாற்றித் தர, மக்காசார் சந்தையில் போன் பழுது பார்க்கும் ருஸ்லி கேட்ட கூலி எண்பதாயிரம் ரூபியா. ஹஸ்னா அறுபதுக்கு இறக்கினாள்.

"கப்பல்ல போன மனுஷன், திரும்பல. இந்த போன்ல நான் அவரைத் தவிர யார்கிட்டயும் பேசினதில்லண்ணே. மொத்தம் பேசின நேரம்னு ஒண்ணு காட்டுமே, அது மட்டும் அழியக் கூடாது."

"அறுபதுக்கே இவ்வளவு கண்டிஷனா? போய்ட்டு நாளைக்கு வாங்கக்கா."

ருஸ்லி போனைக் கணினியில் மாட்டி மென்பொருளை ஏற்றினான். போன் பிழைத்துக்கொண்டது. ஆனால் பழைய சரக்கைப் புதுசென்று விற்றுப் பழகிய கை, பேசிய நேரத்தையும் பூஜ்யமாக்கிவிட்டது. பூஜ்யத்தைத் தவிர வேறெதையும் எழுத அந்த மென்பொருள் விடாது. பேட்டரியைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் ஹஸ்னாவே அவனிடமிருந்து பேட்டரியை வாங்கிப் போட்டு போனை உயிர்ப்பித்தாள். ருஸ்லி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

"அடப்பாவி அண்ணே, நானூத்திப் பதிமூணு காட்டுது! நேத்து ஒரு மணி நேரம் யாரோட பேசினீங்க? அதுக்குக் காசு நீங்கதான் எனக்குத் தரணும்."

ருஸ்லி போனைத் திருப்பி, சிம் இல்லாத பள்ளத்தைக் காட்டினான். மறுபடி திரையைப் பார்த்தார்கள்.

413 மணி, 1 நிமிடம். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, 413 மணி, 2 நிமிடம்.