எலி கொறித்த பாதம்

மெழுகுவத்திகளையும் நேர்ச்சைக்கு விற்கும் மெழுகுப் பொம்மைகளையும் தகர டிரம்முக்குள் போட்டு, மூடிமேல் செங்கல் வைத்து, சுற்றிலும் அந்துருண்டை போட்டாலும் மாதா கோயில் வாசலில் கடை வைத்திருக்கும் சலேத்தம்மாளுக்கு இப்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

போன வருஷம் தேர் பார்க்கிற அவசரத்தில் டிரம்மை மூடாமல் போய்விட்டாள். மெழுகுக் குழந்தை ஒன்றின் இடது பாதத்தை எலி கொறித்துவிட்டது. கொஞ்சம் மெழுகை உருக்கி ஊற்றி, ஊசியால் ஐந்து விரலும் கீறி ஒப்பேற்றினாள். பிள்ளை வரம் கேட்டு வந்த ஒரு பெண் அதை முத்தமிட்டு வாங்கிப்போய் மாதா காலடியில் வைத்தாள்.

இன்று அதே பெண் கடை முன்னால் நிற்கிறாள். தோளில், துண்டு சுற்றிய குழந்தை.

"மாதா கண்ணத் தொறந்துட்டாக்கா. உங்க கை ராசியான கை."

சலேத்தம்மாள் எலிப்பொறியைக் காலால் உள்ளே தள்ளினாள்.

"இந்த வாட்டி புள்ளைக்காகக் கால் மட்டும் ஒண்ணு குடுங்கக்கா."

கால் நோவுக்கு நேர்ந்துகொண்டு மெழுகுக் கால் வாங்க வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது, வலதா இடதா என்றுதான். இன்று அதைக் கேட்காமலே இரண்டு கால்களையும் எடுத்துப் பலகைமேல் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.