இருபது பேருக்கு வந்த புது நோய்

மரபணு ஒரு பட்டியல், புரதம் ஒரு பட்டியல், கொழுப்பு ஒரு பட்டியல் என்று சிதறிக் கிடந்த ரத்தப் பரிசோதனை முடிவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே வலையாகப் பின்னி முடித்த பேராசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“அறுபது பேர்ல இந்த இருபது பேர் மட்டும் தனியா ஒதுங்கி நிக்கிறாங்க, பாருங்கம்மா! மூணு பட்டியலும் ஒரே கதையைச் சொல்லுது. இது புது நோய்! உடனே எல்லாரையும் வரச் சொல்லிக் கடிதம் போடணும்.”

ரத்தம் எடுக்கும் டெக்னீஷியன் அம்மா திரையை எட்டிப் பார்த்தார்.

“நோய்க்கு என்ன பேரு சார்?”

“கண்டுபிடிச்சவன் பேரைத்தானே வைப்பாங்க!” பேராசிரியர் வெட்கப்படுவதுபோல் நடித்தார்.

அந்த அம்மா தன் நோட்டைப் புரட்டினார்.

“இந்த இருபது பேருக்கும் ஒரே நாள்லதான் ரத்தம் எடுத்தேன் சார். நம்ம லேப் திறப்பு விழா அன்னைக்கு.”

“அதனால?”

“எடுத்த உடனே ஃப்ரீசர்ல வைக்கணும். சாவி உங்க பாக்கெட்ல இருந்துச்சு. நீங்க மேடையில ரெண்டு மணி நேரம் பேசினீங்க. வாசல்ல நின்னு கையாட்டினேன். நீங்களும் பதிலுக்குக் கையாட்டிட்டு மேல பேசினீங்க. ரத்தமெல்லாம் மேஜையிலேயே கெட்டுப்போச்சு.”

பேராசிரியர் பாக்கெட்டிலிருந்து ஃப்ரீசர் சாவியை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினார்.

“என் பேரே இருக்கட்டும்மா,” என்றார். “கண்டுபிடிச்சவன்னு இல்ல, உண்டாக்கினவன்னு.”