மேனேஜர் போட்ட கேஸ்கெட்

"மாமா, உங்க கார் ஏன் நின்ன இடத்துலயே ஒண்ணுக்குப் போகுது?" என்று தெருவில் ஒரு குழந்தை கேட்டதிலிருந்து மேனேஜருக்கு மானமே போயிற்று. பழைய என்ஜினின் மேல்மூடியிலிருந்து ஆயில் கசிந்துகொண்டிருந்தது.

"இன்னொரு சொட்டு விழட்டும், பழைய இரும்புக் கடைக்குத்தான்!" என்றாள் மனைவி.

மேனேஜர் மூடிக்கு அடியில் வைக்கும் புது ரப்பர் கேஸ்கெட் வாங்கி, சுற்றிலும் பசையை அப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டுகளை முறுக்கினார்.

"மூலையில மட்டும் பசை போதும் சார். இப்படி இறுக்கினா ரப்பர் பிதுங்கிடும்," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"உங்க வேலையைப் பாருங்க!"

"சரி சார். எதுக்கும் அடியில ஒரு வாளி வைங்க."

மறுநாள், பசை காயட்டும் என்று கார்ச்சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, குடும்பம் பஸ்ஸில் கல்யாணத்துக்குப் போனது. திரும்பி வந்தபோது தரையில் ஒரு சொட்டு இல்லை.

"பாத்தீங்களா, கைராசி!" என்று மேனேஜர் தெருவையே கூட்டினார்.

"தோத்துட்டேன் சார்," என்று கும்பிட்டார் எதிர்வீட்டுக்காரர்.

முன்பொரு நாள் எதிர்வீட்டுக்காரரின் அம்மா மூச்சுத் திணறியபோது, கூப்பிடாமலே வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தது இந்தக் கார்தான். கல்யாணத்துக்காக மேனேஜர் வீடு பூட்டியிருந்தபோது எதிர்வீட்டுக்காரர் வேறொரு கேஸ்கெட் வாங்கி வந்திருந்தார். மூலைகளில் மட்டும் பசை தடவி, போல்ட்டுகளை அளவாக முறுக்கினார். பிறகு பானெட்டை மூடி, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.