அறுந்த கம்பிகள்

தாடை அறுவை சிகிச்சையில் முதுநிலை படிக்கும் மணிமேகலை, மீரான் பாயின் வாய்க்குள் விளக்கைத் திருப்பியவள் அப்படியே நிற்கிறாள். உடைந்த தாடையொன்றைப் பேராசிரியர் துணையில்லாமல் அவள் முதன்முதலாகச் சேர்த்துக் கட்டியது இவருக்குத்தான். தேர்வில் காட்ட வைத்திருந்ததும் இதைத்தான். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் பிணைத்திருந்த கம்பிகள் அறுந்து, வெட்டிய முனைகள் வெளிச்சத்தில் மின்னுகின்றன. தொட்டால் எலும்பு அவள் விரலடியில் அசைகிறது. பன்னிரண்டு நாள் வீண்.

"யாரு பாய் வெட்டுனது?"

"நாந்தாம்மா. கட்டிங் பிளேயர் வச்சு." பேகம்பூரில் கல்யாணச் சமையல் செய்பவர் குழறுகிறார். "நேத்து எம்மகளுக்கு நிக்காஹ். நாப்பது கிலோ பிரியாணி. வாயக் கட்டிக்கிட்டு எப்படிம்மா உப்புப் பாக்குறது?"

கத்திவிடலாம் போலிருக்கிறது அவளுக்கு. எச்சிலை உறிஞ்சும் குழாய் பக்கத்தில் வெறும் காற்றை இழுத்து இரைந்துகொண்டிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, தட்டிலிருந்து புதுக் கம்பியை எடுத்து இழுத்து நிமிர்த்துகிறாள்.

"மறுபடி முதல்ல இருந்து கட்டணும். ஆறு வாரம்."

பாய் மெல்லத் தலையசைக்கிறார்.

"உப்பாவது சரியா இருந்துச்சா?"

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார். "கூடிப்போச்சும்மா."